ஒத்தக்கடைக்கு மட்டும் தூறல்

ஜூன் 4, புதன்

ராக்கம்மாளோட இன்னைக்கும் மொட்டைமாடிச் சண்டை. ஒரே மாடி, ரெண்டு குடித்தனம், ஒரே ஒரு துணிக்கொடி. புதனும் சனியும் எனக்கு, மத்த நாள் அவளுக்குன்னு ஹவுஸ் ஓனர் முன்னாலயே பேசி முடிச்சு ரெண்டு வருஷம் ஆச்சு. இன்னைக்கு நான் வாளியைத் தூக்கிட்டு மாடி ஏறினா, அவ போர்வை மூணு தொங்குது. "நேத்துத்தானத்தா ஒன் முறை?"ன்னு என்னையவே திருப்பிக் கேக்குறா. செவ்வாய்க்கிழமை எவ துவைச்சா? முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கிறா.

இனிமே துவைக்கிற அன்னைக்கெல்லாம் இந்த நோட்டுல 'துணி'ன்னு எழுதி வைக்கப்போறேன். வேற ஒண்ணும் எழுதலைன்னாலும் அது மட்டும் இருக்கும். கேட்டா தூக்கி மூஞ்சிக்கு நேரா காட்டணும்ல.

இவுககிட்டச் சொன்னேன். போனைப் பாத்துச் சிரிச்சுக்கிட்டே "ம்"னாக. சிரிப்பு போனுக்கு, "ம்" எனக்கு.

ஜூன் 7, சனி

அவ சங்காத்தமே வேண்டாம்னு நானே ஒரு நைலான் கயிறு வாங்கிட்டேன். தண்ணித் தொட்டிக் குழாய்லேருந்து கைப்பிடிச் சுவத்துக் கம்பி வரைக்கும், மாடியோட கிழக்கு மூலையில கட்டினேன். இவுக டூட்டிக்குக் கிளம்பினப்புறம் ஒம்பதரைக்குக் காயப்போட்டா, மத்தியானத்துக்குள்ள மொறுமொறுன்னு ஆயிருது. காஞ்சதும் துணியோட கயிறையும் அவுத்து எடுத்துட்டு வந்துட்டேன். விட்டு வச்சா அவ போர்வை ஏறிரும்.

துணி.

ஜூன் 12, வியாழன்

எட்டரைக்கு மாடியிலேருந்து இவுக சத்தம்: "மீனா! முக்கால் மில்லி!"

நேத்து நான் பாத்தவரைக்கும் ஒரு பொட்டு மேகம் இல்ல. "ராத்திரி தூறியிருக்கும், நீ தூங்கியிருப்ப"ங்குறாக. இருக்கும்.

இந்த மழை டப்பாவோட ஒம்பதே முக்கால் வருஷமா குடும்பம் நடத்துறேன். மேல ஒரு புனல், உள்ள ஒரு பாட்டில், அளக்க ஒரு கண்ணாடிக் குடுவை. மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுல இவுகளுக்கு டைம் கீப்பர் வேலை. எந்த பஸ் எத்தனை நிமிஷம் லேட்டுன்னு எழுதி எழுதியே, மழையும் எத்தனை மில்லின்னு தெரியாட்டித் தூக்கம் வராத ஆளு ஆயிட்டாக. இவுகள மாதிரி இருபத்துமூணு பேரு இருக்காக, உசிலம்பட்டிலேருந்து கொட்டாம்பட்டி வரைக்கும். தலைவரு முகைதீன் பிச்சை பாய், விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடை. வாட்ஸ்அப்ல குட்மார்னிங் பூவும் விளக்குமா வந்து குமியுதுன்னு, பாய் எல்லாரையும் ஒரு செய்தி வாசிக்கிற ஆப்புக்கு மாத்திட்டாரு. அளவு அனுப்புறதுக்கு ஒரு பட்டியல் பக்கம். பேசுறதுக்குத் தனி இடம், அங்க ஒவ்வொரு பேச்சும் ஒவ்வொரு இழையா ஓடும்.

நல்லாத்தான் ஓடுச்சு. தை மாசம் வரைக்கும்.

ஜூன் 15, ஞாயிறு

எழுதிருறேன். தை மாசம் கொட்டாம்பட்டியிலேருந்து ஒருத்தி சேந்தா. சத்யப்ரியா. கால்நடை மருந்தகத்துல வேலையாம். அன்னையிலேருந்து இந்த வீட்டுல சாம்பாருக்கு உப்பு இருக்கான்னு கேட்டாக்கூட, "சத்யப்ரியா என்ன சொல்லுச்சு தெரியுமா"ன்னுதான் ஆரம்பம். மாடு வாலைத் தூக்கிட்டு ஓடினா காத்து மாறுதாம். சத்யப்ரியா சொல்லுச்சு. எறும்பு முட்டையைத் தூக்கிட்டுச் சுவரேறினா ரெண்டு நாள்ல மழையாம். அதுவும் சத்யப்ரியா சொல்லுச்சு. ஏன், எறும்பை நான் பாத்ததே இல்லையா? எங்க வீட்டு அடுப்படியில இல்லாத எறும்பா?

மக பவதாரிணி திருச்சி ஹாஸ்டலுக்குப் போனப்புறம் வீட்டுல நாங்க ரெண்டே பேரு. அந்த ரெண்டுல ஒண்ணு போனுக்குள்ள இருக்கு.

பொறாமைதான். இது என் நோட்டு, எழுதுறதுக்கு என்ன வெக்கம்?

ஜூன் 21, சனி

இன்னைக்கு அவ பேரு மூணு தடவை. எண்ணினேன். இட்லி திங்கும்போது ஒண்ணு, செருப்பு மாட்டும்போது ஒண்ணு, சாயங்காலம் வந்து கை கால் கழுவுறதுக்கு முன்னால ஒண்ணு.

துணி.

ஜூன் 26, வியாழன்

இவுக குளிக்கப் போனப்போ அவ படத்தைத் தேடிப் பாத்தேன். ஒரு குடை. மூஞ்சியே இல்ல. மூஞ்சி இருந்தாக்கூட ஒரு பக்கம் மனசு ஆறியிருக்கும். சப்பை மூக்குன்னோ, பல்லு தூக்கலுன்னோ ஒரு குறை கண்டுபிடிச்சிருப்பேன். குடையில என்ன குறையக் கண்டுபிடிக்க?

இன்னைக்கும் ஒரு மில்லியாம். மேலூரு பூஜ்யம், கொட்டாம்பட்டி பூஜ்யம், ஒத்தக்கடைக்கு மட்டும் தூறல். இவுகளுக்குத் தலைகால் புரியல. யானைமலை அம்மாம் பெரிய பாறைல்ல, ராத்திரி அது குளுந்துபோயி மேகத்தைக் கையைப் பிடிச்சு இழுத்து நிறுத்துதாம். புதுசா ஒரு கொள்கை கண்டுபிடிச்சிருக்காக.

"சத்யப்ரியாகிட்டக் கேக்கணும்"னாக.

கேளுங்க. நல்லாக் கேளுங்க.

ஜூலை 3, வியாழன்

குழுவுல ரெண்டு பேரு மழையை விட்டுட்டு எலெக்‌ஷன் சண்டை போடுறாகளாம். இவுக எனக்குப் பெருமையாக் காட்டுறாக: "இங்க பாரு மீனா, இந்தப் பேச்சு வேண்டாம்னா ஒரு தட்டு. நம்ம கண்ணுக்கே வராது. அவன் பாட்டுக்குக் கத்திக்கிட்டுக் கிடப்பான், நமக்கு நிம்மதி."

அதுல வரிசையா இருக்கு. ஒரு வார்த்தையை மறைக்கலாம். ஒரு இழையை மறைக்கலாம். ஒரு ஆளை மறைக்கலாம். கடைசியில ஒண்ணு: இந்த ஆள் கலந்துகொள்ளும் எல்லா இழைகளையும் மறை.

"அம்புட்டும் போயிருமா?"ன்னேன்.

"அம்புட்டும்"னாக.

ஜூலை 5, சனி

செஞ்சுட்டேன்.

இவுக சவரம் பண்ணிக்கிட்டு இருந்தாக. போனுக்குப் பூட்டு மக பொறந்த தேதி, எனக்குத் தெரியாததா? குடையைத் தட்டினேன், கடைசி வரியைத் தட்டினேன். நிச்சயமாவான்னு கேட்டுச்சு. ஆமான்னேன். நாலு விநாடி ஆகியிருக்காது. தப்புன்னு தோணல. சத்தியமாத் தோணல.

துணி.

ஜூலை 7, திங்கள்

"என்ன, குழு இம்புட்டு அமைதியா இருக்கு?"

"ஆடி வரப்போகுதுல்ல, அவுகவுக சோலியப் பாப்பாக"ன்னேன். ஆடிக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்னு எனக்கே தெரியல.

ஜூலை 13, ஞாயிறு

இன்னைக்கு நல்ல நாள். காலைல டீயை எடுத்துட்டு மாடிக்கே வரச்சொன்னாக. யானைமலைக் கொள்கையை ஒண்ணு விடாம எங்கிட்டச் சொன்னாக. எனக்குப் பாதி புரியல. புரிஞ்ச மாதிரி தலையாட்டினேன். சாயங்காலம் மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்குக் கூட்டிட்டுப் போயி மல்லி வாங்கித் தந்தாக. நடந்து வரும்போது கையில இருந்த பையை வாங்கிக்கிட்டாக. பவதாரிணி வயித்துல இருந்தப்போ வாங்கினது, அதுக்கப்புறம் இப்பத்தான்.

என் புருஷன் எனக்குத் திரும்பக் கிடைச்சுட்டாரு. எப்புடிக் கிடைச்சாருன்னு யாரும் கேக்க வேண்டாம்.

ஜூலை 24, வியாழன்

யானைமலைக் கொள்கையை இவுக குழுவுல எழுதினாக, ரெண்டு பக்கம். முந்தாநாளே எழுதியாச்சு. ஒருத்தரும் பதில் சொல்லலையாம். அது மட்டும் இல்ல, நேத்துச் சாயங்காலம் தேடினா எழுதினதையே காணோமாம்.

"அழிச்சுட்டாக மீனா. பாய் அழிச்சுட்டாரு. நான் என்னத்தத் தப்பா எழுதினேன்?"

மத்தியானம் தச்சுக்கிட்டு இருந்த ஜாக்கெட்டை வச்சுட்டு யோசிச்சேன். அவ பதில் போட்டிருப்பா. அவ எந்த இழைக்குள்ள கால் வச்சாலும் அந்த இழையே மறைஞ்சுரும், இவுக ஆரம்பிச்சதா இருந்தாலும் சரி. அவ இல்லாத பேச்சு அந்தக் குழுவுல எது? அதான் இவுகளுக்கு ஊரே ஊமையாப் போச்சு.

எடுத்துரணும். தெரியுது. எடுத்தா மறுபடி குடை வந்துரும். அதுவும் தெரியுது.

ஜூலை 26, சனி

எடுக்கல. துணி.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

இன்னொரு இழையும் 'அழிஞ்சு' போச்சு. இவுக பாய்க்குப் போன் போட்டுக் கேக்கலாம்ல? மாட்டாக. "வேண்டாம்னு தூக்கிப் போட்டவுககிட்ட நான் போயி ஏன்னு கேக்கவா? எனக்கு மானம் ரோஷம் இல்ல?"ன்னாக. இனிமே பட்டியல்ல அளவை மட்டும் அனுப்புவாகளாம். பேச்சு கிடையாதாம்.

சாயங்காலம் டிவியில பாட்டு ஓடுது, இவுக அதைப் பாக்கல, சுவத்தைப் பாக்குறாக. போனையும் பாக்கல. என்னையும் பாக்கல. நான் கேட்டது இதையா?

ஆகஸ்ட் 17, ஞாயிறு

செப்டம்பர் முப்பதோட இவுக டப்பாவுக்குப் பத்து வருஷம் முடியுது. முகைதீன் பிச்சை பாய் மழைப் புத்தகம் ஒண்ணு போடுறாரு. பத்து வருஷம் விடாம அளந்தவுக பேரும் ஊரும் கணக்கும் அதுல வரும். மொத்தம் ஆறே பேரு. ஒத்தக்கடை ஜெயபாண்டி அதுல ஒரு ஆளு. போன வருஷத்துலேருந்து இதைச் சொல்லிக்கிட்டு இருக்காக. டூட்டியில இருக்குற மத்தவுக மாப்ள மழைக்காரரேன்னு கேலி பண்ணாலும், புத்தகம் வரட்டும் பாருங்கடான்னு சிரிப்பாக. எனக்குத் தெரிஞ்சு இவுக ஆசைன்னு ஒண்ணு பட்டது அதுக்குத்தான். வீடு கட்டணும்னுகூட ஆசைப்பட்டதில்ல.

இன்னைக்கு அதைப் பத்திப் பேச்செடுத்தேன், மனசு தெளியட்டும்னு. அப்பத்தான் குழுவோட வழக்கத்தைச் சொன்னாக. ஒரு ஊரு அளவு விநோதமா இருந்தா அதே ரோட்டுல இருக்குற அடுத்த ஊர்க்காரங்க குழுவுல எல்லாருக்கும் முன்னால கேள்வி கேக்கணும். தனியாப் போன் பண்ணிப் பேசக்கூடாது. பேசினா ரெண்டு பேரும் சேந்து கணக்கைத் திருத்திருவாகன்னு பாய் வச்ச சட்டம். மூணு தடவை கேட்டும் வாயைத் திறக்கலைன்னா அந்த டப்பாவே கணக்குல கிடையாது.

"நம்ம ரோட்டுல அடுத்தது யாரு?"

"மேலூர்க்காரர் வயசாளி, கேக்க மாட்டாரு. அப்புறம் கொட்டாம்பட்டி"ன்னாக. சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே, "அந்தப் புள்ளையும் என்னைய மறந்துருச்சு"ன்னாக.



ஆகஸ்ட் 30, சனி

எடுக்கல. ஏன் எடுக்கல? 'அந்தப் புள்ளையும் மறந்துருச்சு'ன்னு சொன்ன குரல் அப்புடி. நான் செத்தாக்கூட அந்தக் குரல்ல சொல்லுவாகளான்னு தெரியல.

துணி.

செப்டம்பர் 20, சனி

பாய் கடைக்குப் போயிட்டு வந்தாக. பவதாரிணிக்குத் தீபாவளிக்குச் சுடிதார்த் துணி எடுக்க நான்தான் அனுப்பினேன். கல்லாவுக்குப் பக்கத்துல புத்தகத்துல வர்ற பேரை ஒட்டி வச்சிருக்காராம். அஞ்சு பேரு. ஒத்தக்கடை இல்ல.

பாய் உக்காரச் சொல்லலையாம். டீ சொல்லலையாம். இவுக கேட்டதுக்கு, "மூணு தடவை கேட்டாச்சு தம்பி. சபையில கேட்டோம், நீங்க மதிக்கல. பத்து வருஷத்துப் பழக்கம்னு நான் சட்டத்தை வளைக்க முடியுமா? முப்பதாம் தேதி அச்சுக்குப் போகுது"ன்னாராம்.

"யாரும் எங்கிட்ட ஒண்ணுமே கேக்கலையே மீனா. ஒண்ணுமே கேக்கலையே." இதையே நாலு தடவை சொன்னாக. அப்புறம் மாடிக்குப் போயிட்டாக. சுடிதார்த் துணியை வாங்காமலே வந்துட்டாக. போனைக் கட்டில்லயே போட்டுட்டுப் போயிட்டாக.

துணி. காலைலயே துவைச்சது.

செப்டம்பர் 21, ஞாயிறு

பாத்துட்டேன்.

நேத்து இவுக மாடியில உக்காந்திருந்தப்போ போனை எடுத்து மறைச்ச பட்டியலைத் திறந்தேன். நாப்பத்தியேழு இழை. ஒவ்வொண்ணாப் படிச்சேன், கண்ணு எரியுற வரைக்கும்.

யானைமலைக் கொள்கைக்கு முதல் பதில் அவதான் போட்டிருக்கா: "அருமை அண்ணே! ஆனா மலை இழுத்தா எல்லா நாளும்ல இழுக்கணும்? வியாழனும் ஞாயிறும் மட்டும் ஏன் இழுக்குது?"

அண்ணே.

ஆகஸ்ட் ஆறாந்தேதி, முதல் கேள்வி: "அண்ணே, ஒத்தக்கடை அளவு வியாழனும் ஞாயிறும் மட்டும் ஏறுது. மத்த ஊரு காஞ்சு கிடக்கு. டப்பாவுக்கு மேல என்ன இருக்குன்னு ஒரு தடவை பாத்துச் சொல்லுங்க."

ஆகஸ்ட் இருபத்தொண்ணு, ரெண்டாவது: "அண்ணே, தப்பா நெனைக்காதீக. உங்க வீட்டுல புதனும் சனியும் துணி துவைப்பாங்களா? ஈரச்சேலை சொட்டுனாக்கூட ஒரு மில்லி வரும். அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க."

முப்பது மைல் தள்ளி கொட்டாம்பட்டியில உக்காந்துக்கிட்டு, நான் என்னைக்குத் துவைக்கிறேன்னு கண்டுபிடிச்சிருக்கா! கிழக்கு மூலை. என் கயிறு. அந்த டப்பாவுக்கு நேர் மேலதான் என் சேலையைப் போட்டிருக்கேன், மூணரை மாசமா. காஞ்சதும் கயிறையும் சுருட்டி எடுத்துட்டு வந்துட்டேன், இவுக கண்ணுல படவே இல்ல. ராக்கம்மாளுக்குப் பயந்து செஞ்சது.

மூணாவது கேள்வி செப்டம்பர் எட்டு. அதுக்குக் கீழயே பாய்கிட்ட அவ கெஞ்சியிருக்கா: "அண்ணன் அப்புடிப்பட்டவர் இல்ல பாய். உடம்புக்கு ஏதும் முடியலையோ என்னமோ. இன்னும் ஒரு வாரம் பொறுங்க." பொறுத்துப் பாத்திருக்காரு.

நாப்பத்தியேழு இழையிலயும் தேடினேன், இவுக என்னையப் பத்தி ஒரு வார்த்தை எழுதியிருக்காகளான்னு. பழசையும் திறந்து தேடினேன். இல்ல. எலி புனல்ல விழுந்ததைக்கூட எழுதியிருக்காக. அந்தக் கணக்குல நான் இருக்குறது ஈரச்சேலையா மட்டும்தான், அதையும் எழுதினது அவ.

அண்ணேன்னு கூப்பிடுறதைப் பாத்ததும் பொறாமை போயிரும்னு நெனைச்சேன். போகல. இன்னும் கூடிருச்சு. பக்கத்துலயே இருந்து எனக்குத் தெரியாதது, எங்கேயோ இருக்குற அவளுக்குத் தெரிஞ்சிருக்கு.

செப்டம்பர் 22, திங்கள்

சொல்லிட்டேன். டிபன் டப்பாவைக் கையில குடுக்கும்போது சொன்னேன். "உங்க போன்ல நான் ஒரு வேலை பண்ணிட்டேன்."

திட்டுவாகன்னு நெனைச்சேன். திட்டல. மறைச்ச பட்டியலைத் திறந்து காட்டினேன். நின்னுக்கிட்டே படிச்சாக. இன்னைக்கு டூட்டிக்கு இருபது நிமிஷம் லேட்டு. பத்தொம்பது வருஷத்துல முதல் தடவை.

"ஏன்?"

"நீங்க அதுகிட்டச் சிரிச்சீக. எங்கிட்டச் சிரிக்கல."

செருப்பை மாட்டிக்கிட்டே, "பத்து வருஷத்த ஒரு தட்டுல மறைச்சுட்டியே"ன்னாக. சத்தமே இல்லாமச் சொன்னாக. சத்தம் போட்டிருந்தா பதிலுக்கு நானும் நாலு வார்த்தை கத்தியிருப்பேன்.

செப்டம்பர் 24, புதன்

பேச்சு இல்ல. சாப்பாட்டுத் தட்டுகூட இவுகளே எடுத்துப் போட்டுக்கிறாக. தண்ணி வேணும்னா எந்திரிச்சுப் போயி எடுத்துக்கிறாக.

துவைக்கல. அழுக்குத் துணி மூலையில கிடக்கு.

செப்டம்பர் 25, வியாழன்

பாய்கிட்டப் பேசிட்டு வந்தாக. துவைச்ச தேதிகளைச் சரியாக் காட்டினா அந்த நாளை மட்டும் கழிச்சுட்டு மிச்சத்தைச் சேத்துக்கலாமாம். ஆனா ஞாபகத்துலேருந்து சொல்ற தேதி செல்லாது. அன்னன்னைக்கு எழுதினதா இருக்கணும். எழுதினவுகளே குழுவுல போடணும். முழுப் பக்கமாப் போடணும். அடிச்சதும் மறைச்சதும் ஏத்துக்க மாட்டாராம்.

மூணு நாளைக்கப்புறம் என் மூஞ்சியப் பாத்து முதல் பேச்சு: "துவைக்கிற தேதி எங்கயாச்சும் எழுதி வச்சிருக்கியா?"

"இல்ல"ன்னேன்.

செப்டம்பர் 26, வெள்ளி

இந்த நோட்டைத் திருப்பிப் பாக்குறேன். ஒவ்வொரு புதனும் இருக்கு, ஒவ்வொரு சனியும் இருக்கு. எங்கெங்க 'துணி' இருக்கோ அங்கங்க நானும் இருக்கேன். சப்பை மூக்கு, பல்லு தூக்கல். செஞ்சுட்டேன், தப்புன்னு தோணல. எடுக்கல, எடுக்கல. இருபத்துமூணு பேரு படிப்பாக. உசிலம்பட்டிக்காரன் படிச்சுட்டு வீட்டுல பொண்டாட்டிக்குக் காட்டுவான். அவ படிப்பா. குடையை என்ன சொன்னேன்னு அவளே படிப்பா.

கிழிக்கலாமான்னு பாத்தேன். பக்கத்தைக் கிழிச்சா தேதியும் போயிரும்.

நான் மானத்தோட இருக்கலாம், இல்ல இவுக பேரு அந்தப் புத்தகத்துல இருக்கலாம். ரெண்டும் சேந்து நடக்காது போல. எனக்கு வந்த கோவத்துல ராக்கம்மாளைத் திட்டிக்கிட்டே ரெண்டு ஜாக்கெட்டுக்குக் கொக்கி வச்சேன். அவ என்ன பண்ணுவா பாவம், போர்வைதான் போட்டா.

செப்டம்பர் 27, சனி

காலைல நோட்டை இவுக கையில குடுத்துட்டேன். "இல்லைன்னது பொய்யி. முதல்ல நீங்க படிச்சிருங்க. ஊரு படிக்கிறதுக்கு முன்னால."

தையல் மிஷின் ஸ்டூல்ல உக்காந்து ஜூன்லேருந்து படிச்சாக. நான் அடுப்படியில நின்னுக்கிட்டு, கழுவின பாத்திரத்தையே கழுவிக்கிட்டு இருந்தேன். ஒரு மணி நேரம் ஆச்சு.

"அந்தப் புள்ளைக்கு என்ன வயசுன்னு நெனைச்ச?"

"தெரியாது."

"எனக்கும் தெரியாது. கேட்டதே இல்ல." அப்புறம், "இம்புட்டையும் எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல"ன்னாக.

"சொன்னா 'ம்'ம்பீக."

"ம்"னாக. சொன்னப்புறம் அவுகளுக்கே சுருக்குன்னு ஆயிருச்சு. தலையைக் குனிஞ்சுக்கிட்டாக. "போட வேண்டாம் மீனா. புத்தகம் போனாப் போகுது. நாளைக்கு நாலு பேரு உன்னையப் பேசுவாக"ன்னாக.

அந்த வார்த்தையச் சொன்னாகளே, அதுக்கப்புறம் போடாம இருக்க முடியுமா? என் போன்ல அந்த ஆப்பை ஏத்தி, என் பேருலயே கணக்கு ஆரம்பிச்சு, பக்கம் பக்கமாப் படம் எடுத்துப் போட்டேன். கீழ ஒரு வரி எழுதினேன்: "மறைச்சது நான். அவுக இல்ல. பாண்டிமீனா, ஒத்தக்கடை."

செப்டம்பர் 30, செவ்வாய்

பாய் எழுதிட்டாரு. முப்பத்தொரு நாள் அளவு நீக்கம். மிச்சம் பத்து வருஷமும் செல்லும். ஆறாவது பேரு ஒத்தக்கடை.

இவுக என் கையைப் பிடிச்சாக. அம்புட்டுதான். கையை விடவே இல்ல.

என் பக்கங்களைப் பத்தி யாரும் ஒரு வார்த்தை பேசல. உசிலம்பட்டிக்காரன் ஒரு சிரிப்புப் பொம்மை போட்டுட்டு உடனே அழிச்சுட்டான். அவ ஒண்ணுமே எழுதல.

அக்டோபர் 11, சனி

சத்யப்ரியா இவுக இழை எதுலயும் வர்றதில்ல. என் இழையிலயும் இல்ல. பட்டியல்ல கொட்டாம்பட்டி அளவு மட்டும் தினம் எட்டரைக்கு ஏறிருது. பாய்கிட்டச் சொல்லுச்சாம்: "என் பேரால ஒரு வீட்டுல மனக்கஷ்டம் வேண்டாம் பாய். எனக்கும் வீடு வாசல் இருக்கு."

ஜூலையில நான் என்ன கேட்டேனோ அது இப்பத்தான் நடந்திருக்கு, எந்தத் தட்டும் இல்லாம. இவுக எங்கிட்டத்தான் பேசுறாக, நல்லாத்தான் பேசுறாக. எறும்பு முட்டை தூக்குறதைப் பத்தி மட்டும் பேச மாட்டேங்குறாக.

ராக்கம்மாளோட பேசிப் பழைய கொடிக்கே போயாச்சு. துணி.

அக்டோபர் 24, வெள்ளி

நேத்து ஊத்து ஊத்துன்னு ஊத்திருச்சு. ஒத்தக்கடை இருபத்தெட்டு. மேலூரு முப்பத்தொண்ணு. கொட்டாம்பட்டி பூஜ்யம்.

இவுக பட்டியலைப் பாத்துட்டுப் போனைக் கவுத்து வச்சுட்டாக. கேக்க வேண்டியது இவுக முறை. கேக்க மாட்டாக, எனக்காக. கேக்கலைன்னா அது கணக்குக்குக் குத்தம். எனக்கு இது இருப்புக் கொள்ளல.

நானும் இந்த ரோட்டுக்காரிதானே? எழுதினேன்: "கொட்டாம்பட்டி பூஜ்யம்னு இருக்கு. பக்கத்துல எல்லாம் நல்ல மழை. டப்பாவை ஒரு தடவை பாத்துச் சொல்லுங்க. முதல் கேள்வி. பாண்டிமீனா."

அக்டோபர் 26, ஞாயிறு

பதில் இல்ல. ரெண்டாவது கேள்வி போட்டேன். எத்தனை தடவை போனைத் திறந்து பாத்தேன்னு எண்ணல. இவுக பாத்துக்கிட்டே இருந்தாக.

அக்டோபர் 27, திங்கள்

காலைல எட்டு அம்பதுக்குப் பதில் வந்துச்சு. நான் சத்தமாப் படிச்சேன்:

"புனல்ல வேப்பிலை அடைச்சிருந்தது. சுத்தம் செய்தாயிற்று. 24ஆம் தேதி அளவை நீக்கிக்கொள்ளவும். கேட்டதற்கு நன்றி. சத்யப்ரியா, கொட்டாம்பட்டி."

அதுல 'அக்கா'ன்னு ஒரு வார்த்தை இல்ல. மேலயும் பாத்தேன், கீழயும் பாத்தேன். எங்கயும் இல்ல.

இவுக போனை வாங்கி அவுகளும் ஒரு தடவை படிச்சாக. "பதில் சொல்லிருச்சுல்ல, அது போதும்"னாக.

எனக்குப் போதல.